கிளிகளுக்கு உதட்டுச் சிவப்பு

அந்த வருஷம் நவராத்திரியின்போது என் மகளுக்கு உதடு வீங்கியது. அவளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கொலு பார்க்கப் போகிற பிள்ளை அழகாகப் போகட்டும் என்று என் நாத்தனார் அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கடைசியில் தன் சிநேகிதியிடம் இரவல் வாங்கி வந்திருந்த லிப்ஸ்டிக்கையும் பூசிவிட்டாள். வீட்டுக்கு வீடு எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்கள். மறுநாள் காலையில் குழந்தை எழுந்து வந்தபோது கீழுதடு தடித்து, வெடித்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது. பால் குடிக்க முடியவில்லை. சோற்றில் உப்பு பட்டால் அலறினாள்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“என்னம்மா பூசினீங்க?” என்று கேட்டார்.

“லிப்ஸ்டிக் சார்.”

“அது தெரியுது. அதுல என்ன இருந்தது?”

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். சிநேகிதிக்கு யாரோ கொடுத்ததாம். பழசா புதுசா என்றுகூடத் தெரியாது. டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். “நக்காம பார்த்துக்கங்க” என்றார். அதுதான் நடக்காத காரியம். என் மகள் பேசினாலும் நக்குவாள், யோசித்தாலும் நக்குவாள். நாக்கு உதட்டின் மேலேயே குடியிருந்தது.

ஒரு வாரத்தில் புண் ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. சாதாரணமாகவே நான் ஓரிடத்தில் உட்காருகிறவள் இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே வாசலுக்கு நாலு தடவை போய் வருவேன். அதன் பிறகு குழந்தை எதை வாயில் வைத்தாலும் பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். சிலேட்டுப் பலகை, பலப்பம், பாவாடை நாடா, எதையும் விடவில்லை. என் கணவருக்குப் பட்டுக்குச் சாயம் போடும் வேலை. சாயப்பட்டறையிலிருந்து வரும்போது அவருடைய கைகள் முழங்கை வரை ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். அவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போனால் அதையும் தடுத்தேன். “எத்தினி வருஷமா இந்தக் கையாலதான சாப்பிடுறேன்? செத்தா பூட்டேன்?” என்று கேட்டார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு ஏற்பாடு தொடங்கியது. என் மகளைக் கிளி நடனத்துக்கு எடுத்திருந்தார்கள். எட்டுப் பிள்ளைகள், எட்டுக் கிளிகள். பச்சைச் சட்டை, பச்சைப் பாவாடை, முதுகில் காகித இறக்கை. டான்ஸ் டீச்சர் தாய்மார்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: “கிளிக்கு மூக்கு செவப்பா இருக்கும்ல? அதனால உதடு நல்லா பளிச்சினு செவப்பா இருக்கணும். நாடகத்துக்கெல்லாம் மேக்கப் போடுற ஆளையே வரச் சொல்லியிருக்கேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.”

மற்றவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு அந்த நிமிஷமே நவராத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

மகளை ஆட வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதுகூட இரண்டு கைகளையும் விரித்துச் சிறகடித்துக்கொண்டிருந்தாள். சரி, பூசத்தான் வேண்டுமென்றால் எதைப் பூசுவது? நல்லதாக ஒன்றை நானே தேடி எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்த ஆளின் டப்பாவுக்கு வேலை இல்லை அல்லவா?

முதலில் பெரிய காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே வளையல், ரிப்பன், பவுடர் விற்கிற ஒரு பாய் கடை உண்டு. என் கல்யாணத்துக்கு வளையல் வாங்கியதே அங்கேதான். பாய் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டு வகை லிப்ஸ்டிக்கை எடுத்து வைத்தார். ஒன்று மெட்ராஸிலிருந்து வந்தது, மற்றொன்று சீமைச் சரக்கு.

“இதுல கொழந்தைக்கு எது நல்லது பாய்?”

“யாருக்கு?”

“கொழந்தைக்கு. ஆறு வயசு.”

எடுத்த இரண்டையும் அவர் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். “கொழந்தைக்குன்னு தனியா எவனும் செய்யலமா. இதுல இன்னா போட்டிருக்கான்னு மேல எழுதியிருந்தாலாவது படிச்சிச் சொல்வேன். கம்பெனி பேரும் ரோஜாப்பூ படமும்தான் இருக்குது. ஒசத்தி சரக்குன்னு உங்க தலையில கட்டலாம். அப்பறம் அந்தப் பிள்ள வாய் வெந்துதுன்னா, அடுத்த தடவ வளையல் வாங்க நீங்க இங்கதான வரணும்?”

“உங்க வூட்டுப் பிள்ளைங்களுக்கு இன்னா பூசுவீங்க?”

“பெருநாளுக்குக் கையில மருதாணி. வாய்க்கு மிட்டாய். அதோட சரி.”

வெறும் கையோடு திரும்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா, குங்குமத்தை நெய்யில் குழைத்துப் பூசு என்றாள். “கோயில் குங்குமம், அது இன்னா பண்ணும்?” கோயிலில் கொடுப்பதும் யாரோ ஒரு கடைக்காரன் அரைத்ததுதானே என்று எனக்குத் தோன்றியது. சொன்ன அக்காவுக்கே நெற்றியில் பொட்டு வைக்கிற இடம் கறுத்துப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். வெற்றிலை போட வைக்கலாம் என்றால் சுண்ணாம்பு நாக்கைச் சுட்டுவிடும். போதாததற்கு, வெற்றிலை போட்டால் மாடு முட்டும் என்று நானே அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தேன்.

நாத்தனார் நவராத்திரியிலிருந்தே என்னிடம் தயங்கித் தயங்கித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆசையோடு வந்து சொன்னாள்: “அண்ணி, அண்ணன் சாயம் போடுற செவப்பு எத்தினி சூப்பரா இருக்குது! அதுல ஒரே ஒரு சொட்டு?”

என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். “ஏய், அந்தப் பேச்சே எடுக்காத. பட்டுல நிக்குமா ஓடுமான்னு கேளு, சொல்றேன். பிள்ள வயித்துல போனா இன்னா ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்? சாயப்பொடி கொடுக்கிற ஆளுக்கே தெரியாது.” அவர் அப்படிப் பயந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குப் பட்டறையில் கட்டியிருந்த வேட்டியைக்கூடப் பிள்ளைக்கு எட்டாத கொடியில் போட்டார்.

கடைசியில் எனக்குப் புத்தியில் பட்டது இதுதான்: தின்னக் கூடியதைத்தான் பூச வேண்டும். அவள் நக்காமல் இருக்கப் போவதில்லை. நக்கினால் உள்ளே போகத்தான் போகிறது. அப்படியானால் உள்ளே போகலாம் என்று தெரிந்த பொருள் மட்டும்தான் உதட்டுக்கு லாயக்கு. இதை யோசித்த பிறகுதான் பீட்ரூட் ஞாபகம் வந்தது. மார்க்கெட்டில் எல்லா நாளும் கிடைக்காது. மூன்றாவது தடவை போனபோது கிடைத்தது.

துருவிப் பிழிந்த சாற்றை நெய்யில் கலந்தேன். சேரவில்லை. நெய் தனியாகவும் சாறு முத்து முத்தாகத் தனியாகவும் நின்றன. பிறகு சாற்றை மட்டும் சிறு தீயில் வைத்து, கொஞ்சம் கற்கண்டு போட்டுச் சுண்டக் காய்ச்சினேன். குழம்பாக வந்தது. முதலில் என் உதட்டில் பூசிக்கொண்டு அன்று முழுக்க வேலை செய்தேன். பால்காரர் ஒரு மாதிரி பார்த்தார். சாயங்காலம் மகளின் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. உதட்டில் ஒரு பூச்சு வைத்து, காய்ந்ததும் மேலே துளி நெய் தொட்டேன். பளபளவென்று இளஞ்சிவப்பாக இருந்தது.

நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் காலையில் கொல்லைப்புறத்திலிருந்து நாத்தனார் கத்தினாள்: “அண்ணி! கொழந்தைக்கு ஒண்ணுக்கு செவப்பா போவுது!” கையிலிருந்த சொம்பு விழுந்தது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுப் பக்கம் பாதித் தெரு ஓடியிருப்பேன். பின்னால் என் கணவர் ஓடி வந்து நிறுத்தினார்.

“நேத்து பிழிஞ்ச சக்கையப் பொரியல் பண்ணியே, இவளும் நானும்தான தின்னோம்? எனக்கும்தான் செவப்பா போவுது. என்னையும் தூக்கிக்கினு ஓடுறியா?”

நடுத்தெருவில் நின்றுகொண்டு சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. குழந்தை தோளில் சாய்ந்தபடி உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள்.

விழா நாளன்று குழம்பை ஒரு குங்குமச் சிமிழில் எடுத்துக்கொண்டு போனேன். மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறையில் கிளிகள் வரிசையாக நின்றன. மேக்கப்காரர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, துருப்பிடித்த தகர டப்பாவில் விரலைத் தோய்த்து, பிள்ளைகளின் வாயில் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரே டப்பா, ஒரே விரல். இரண்டு பிள்ளைகளுக்குப் பூசியாகிவிட்டது. உதடு செக்கச்செவேல் என்று இருந்தது, நாடகத்தில் ராட்சசிக்குப் போடுகிற மாதிரி. மண்ணெண்ணெய் போல ஒரு வாடை.

என் மகளின் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தேன்.

“இவளுக்கு நான் பூசிக்கிறேன் டீச்சர்.”

டான்ஸ் டீச்சர் சிமிழை எட்டிப் பார்த்தார். “இது இன்னாமா, ஜாம் மாதிரி? எல்லாக் கிளியும் ஒரே கலர்ல இருக்கணும். அப்படி இஷ்டம் இல்லன்னா பின்வரிசையில நிக்கட்டும்.”

மகள் கண்களில் நீர் முட்டியது. அவளுக்கும் அந்தச் சிவப்புதான் வேண்டும் என்று தெரிந்தது. மேக்கப்காரர் சிரித்தார். “இத்தினி வருஷமா போடுறேன்மா. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல.”

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. “அப்படின்னா அதுல கொஞ்சம் எடுத்து நீங்க நாக்குல வெச்சிக் காட்டுங்க. அப்பறம் பூசலாம்.”

அவர் டப்பாவைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். “இது திங்கறதுக்கு இல்லமா” என்றார்.

“சின்னப் பிள்ள உதட்டுல வெச்சிட்டு, திங்காதன்னா கேக்குமா?”

ஏற்கெனவே பூசியிருந்த ஒரு கிளியின் அம்மா முந்தானையை எச்சில் தொட்டு மகளின் வாயை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். அடுத்தவளும் துடைத்தாள். ஒருத்தி என்னிடம் வந்து, “எங்க பிள்ளைக்கும் ஒரு தொடு வெச்சி வுடேன்” என்றாள். அவ்வளவுதான், எல்லோரும் சிமிழைச் சுற்றிக்கொண்டார்கள்.

ஒரு பிள்ளைக்கென்று எடுத்து வந்ததை எட்டுப் பேருக்குப் பங்கிட்டால் எவ்வளவு வரும்? பேருக்குத் தொட்டு வைத்தேன். போதாததற்குக் கற்கண்டு இனிப்பு வேறு. மேடை ஏறுவதற்குள்ளேயே பாதிக் கிளிகள் தின்று முடித்துவிட்டன. டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் கிளிக்கும் சிவப்பு இல்லை. பார்த்தவர்களுக்குப் பச்சையாக ஏதோ கூட்டமாகப் பறந்தது தெரிந்திருக்கும். டான்ஸ் டீச்சர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகள் சொன்னாள். “எல்லாரும் எங்கள வெட்டுக்கிளின்னு சொன்னாங்கமா.”

நான் செய்தது சரிதான் என்று கணவர் சொன்னார். நாத்தனாரும் சொன்னாள். ஆனால் அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காதோ, வீணாக ஒரு கூட்டத்தின் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று மாவு ஆட்டும்போதும் துணி துவைக்கும்போதும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் டான்ஸ் டீச்சரே வீடு தேடி வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “அந்த ஆளை வேணாம்னு சொல்லிட்டேன். அம்மாங்க யாரும் ஒத்துக்கல. இந்தத் தடவை இருபது பிள்ளைங்க. நீங்களே காய்ச்சிக் கொடுத்துடுங்க. கொஞ்சம் கெட்டியா, நல்லா செவப்பா” என்றார்.

ஒரு கணம் பெருமையாக இருந்தது. அவர் தெருமுனை திரும்புவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. என் பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது இன்னொரு பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? கற்கண்டை விட்டுவிட்டு, இன்னும் நன்றாகச் சுண்டவைத்துக் காய்ச்சினேன். விழாவுக்கு முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் ஒரு பொட்டு வைத்து, மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒவ்வொரு கையாகத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு லேசாகச் சிவந்திருந்தது. கொசுக்கடியாக இருக்கலாம். அவளுக்கு வெறும் நெய் மட்டும் தொட்டுவிட்டேன்.

விழாவில் எனக்கென்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. மேடையின் ஓரத்தில் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை உதடுகள் நன்றாகவே சிவந்திருந்தன, கூட்டம் கை தட்டியது என்று பிறகு சொன்னார்கள். நடனம் என்னவென்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி, அவர்கள் ஆடி முடித்து இறங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.