பாதி மூக்கோடு பார்த்த வேலை

1. போத்தல்

தூளை இரண்டு கையாலும் அள்ளி முகத்தருகே வைத்தேன். ஈரம் தெரிந்தது, சூடு தெரிந்தது. மணம் மட்டும் வரவில்லை. இன்னும் பதமாகவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். அதுதான் பிழை. தூள் எப்போதோ பதமாகியிருந்தது. அடைத்திருந்தது என் மூக்கு.

தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்தைப் புளிக்கவைக்கும் அறை என் பொறுப்பு. ரோலரில் அரைபட்ட கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, ஈரச் சாக்குகளுக்கு நடுவே காவல் நிற்க வேண்டும். பச்சை வாடை மெல்லக் கழன்று, பழம் கனிந்த வாசம் எழும். எழுந்த கையோடு தூள் உலர்த்தும் டிரையருக்குப் போக வேண்டும். முந்தினால் தேநீர் பச்சையாகக் கசக்கும். பிந்தினால் வெறும் சாயத் தண்ணீர். மணிக்கூடு உதவும்தான், ஆனால் மழை நாளில் அதை நம்ப முடியாது. யட்டியாந்தோட்டைப் பக்கம் மழையில்லாத நாள் எது? கடைசி வார்த்தை மூக்குக்குத்தான்.

என் மூக்கோ ஒரு பிளாஸ்டிக் போத்தலை நம்பி இருந்தது. முன்பு தூள் சலிக்கும் அறையில் வேலை பார்க்கையில் தூசி அடைத்தபோது பஜாரில் வாங்கிய ஸ்பிரே. முதல் தடவை அமுக்கியதும் இரண்டு பக்கமும் திறந்து, உலகமே உள்ளே வந்தது. பிறகு அந்தத் திறப்பு சுருங்கிக்கொண்டே போனது. காலையில் அடித்தால் மாலை வரை நின்ற காலம் போய், ஒரு தட்டு பதமாகும் வரைகூட நிற்காத காலம் வந்தது. வருடங்கள் ஓடின. பார்மசிக்காரர் என் தலையைக் கண்டதுமே சிங்களத்தில், "ஆயெத் ஆவாத மல்லி?" என்பார். மறுபடியும் வந்துவிட்டாயா தம்பி என்ற அந்தக் கேள்வியில் கேலி பாதி, இரக்கம் பாதி.

ஸ்டோரில் இது ஒளிவு மறைவல்ல. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வாசலில் நுழையும்போதே, "மருந்து அடிச்சியாடா செல்வா?" என்பார். ரோலருக்கு எண்ணெய் போட்டாயா என்று கேட்கும் அதே குரல்.

மூக்கடைத்து நான் பிந்திவிட்ட அன்றைய தூளை மறுநாள் ருசி பார்த்துத் துப்பினார்.

"சாயம் இருக்கு, உசுரு இல்ல. இன்னொரு தடவ இப்புடி ஆச்சின்னா நீ மலைக்கே போயிரு."

மலை என்றால் வெளிவேலை. புல்லு வெட்டலாம், தண்ணீர் ஓடக் கான் வெட்டலாம். அதற்கு மூக்கு தேவையில்லை.

2. இடது பக்கம்

தோட்டத்து மருந்தையா யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ளுக்க முழுக்க வீங்கிக் கிடக்கு. இந்த ஸ்பிரே நாலைஞ்சு நாளைக்கு மட்டும் பாவிக்கிற சாமான் காணும். இப்ப உம்மட மூக்கை அடைக்கிறதே இதுதான்."

"இது இல்லாட்டி தூள் மணக்காதுங்க. வேலையே போயிரும்."

டோர்ச்சை அணைத்தார். "அப்ப ஒரு பக்கத்தை மட்டும் நிப்பாட்டும். இடப்பக்கத்துக்கு இனி உப்புத்தண்ணி மட்டும். வலப்பக்கம் மருந்தோட உழைக்கட்டும். இடம் திறந்தாப் பிறகு மற்றதைப் பாப்பம்."

டீமேக்கர் ஐயாவிடம் சொன்னேன். "பாதி மூக்க வச்சிக்கிட்டு முழுத் தூளையும் கெடுக்கப் போறியா?" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இடது பக்கம் பூசி மெழுகிய சுவரானது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண் அயர்வேன். "வாயப் பொளந்துகிட்டுத் தூங்குறீங்க, ஈ பூந்தா நா பொறுப்பில்ல" என்பாள் மனைவி. ஆனாலும் விடிந்ததும் உப்புத் தண்ணீர் இளஞ்சூட்டில் தயாராக இருக்கும். கை தானாகப் போத்தலோடு இடப்பக்கம் எழும். அதை இறக்குவதே ஒரு வேலை. நாட்கள் போயின. சுவர் சுவராகவே இருந்தது.

3. மெல்லிய இழை

ஒரு மழைக் காலை. தட்டு பதமாகிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கமும் அடைத்துக்கொண்டது. ஐயா பக்கத்தில் வந்து நின்றார்.

"மருந்த அடி."

போத்தலை எடுத்தேன். எடுத்தவன், பழக்க தோஷத்தில் முதலில் தூளைத்தான் அள்ளி முகர்ந்தேன். எங்கிருந்தோ ஓர் இழை. கனிந்த பழம். நினைவா, நிஜமா? வலது துவாரத்தைக் கட்டை விரலால் அழுத்தி மூடி, மறுபடி இழுத்தேன். சுவரில் ஒரு கீறல் விட்டிருந்தது. அதன் வழியே வாசம் வந்துகொண்டிருந்தது.

"எடுக்கலாங்க."

"இன்னும் அடிக்கலியேடா?"

"எடுக்கலாங்க ஐயா."

தவறினால் நாளை நான் மலையில். அவர் என்னையே பார்த்தார். பிறகு டிரையர்காரரை நோக்கிக் கையசைத்தார்.

மறுநாள் அந்தக் கோப்பையை உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பினார். "ம்" என்றார். அடுத்த கோப்பைக்கு நகர்ந்தார். அந்த "ம்" போதுமாக இருந்தது.

பிறகு வலப்பக்கத்துக்கும் மருந்தை நிறுத்தியபோது அத்தனை பயமில்லை. இடது இருந்தது.

இப்போது சலிக்கும் அறைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: மூக்கை மறைத்துத் துணி கட்டுங்கள். அடைப்பு சில நாளில் போகாவிட்டால் மருந்தையாவிடம் காட்டுங்கள், போத்தலோடு குடும்பம் நடத்தாதீர்கள். ஏற்கெனவே நடத்துகிறவர்கள், ஒரு பக்கத்தையாவது முதலில் விடுவிக்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

ஐயா அதன் பிறகு, மருந்து அடித்தாயா என்று கேட்டதில்லை. தட்டருகே வந்து நிற்பார். நான் குனிந்து மூச்சை இழுத்து முடிக்கும்வரை, அவரும் தன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது தெரியும்.