மைத்துனி வீட்டுக்கு ஒரு வழி

எங்கள் தெரு ஒரு சுவரில் போய் முட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த நகரின் குறுக்குத் தெரு. அந்தத் தெருவில் என் மனைவியின் தங்கை இருக்கிறாள். மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டால் கேட்கும். போக வேண்டுமென்றால் மட்டும், காலனியை விட்டு வெளியே வந்து, முடிச்சூர் சாலையில் தண்ணீர் லாரிகளோடு ஒட்டி உரசி, அடுத்த நகருக்குள் நுழைந்து, போன தூரத்தையே மறுபடி உள்ளே வர வேண்டும்.

மைத்துனிக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டதிலிருந்து என் மனைவி தினமும் அங்கே போகிறாள், சைக்கிளில். பள்ளி ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், சைக்கிளிலிருந்து அல்ல. மைத்துனியின் மகன் அலுவலகம் போனபின் அவளைப் பிடித்து நடக்கவைக்க வேறு ஆள் கிடையாது.

ஒருநாள் லாரிக்கு ஒதுங்கப்போய்ச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு வந்து நின்றாள்.

"இனிமே ஆட்டோல போ" என்றேன்.

"அந்த நகர்னாலே வர மாட்டேங்கறாங்க. முதல்ல ரோடு போடச் சொல்லுங்கன்றாங்க."

"அப்போ வாரத்துக்கு ஒரு தடவை போ."

"அவ வாரத்துக்கு ஒரு தடவை நடந்தா போதும்னு டாக்டர் சொன்னாரா?"

அவளை நிறுத்த எந்த விதியும் கிடையாது. ஆனால் சுவரை எடுக்க இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் இரண்டு தெருக்களும் சேர்கின்றன. சுவர் என்று ஒன்று இல்லவே இல்லை. 2015 வெள்ளத்தில் அது விழவும் செய்தது. தண்ணீர் மனு எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. வடிந்ததும், அந்தப் பக்கத்துக்காரர்கள் முன்னைவிட உயரமாகக் கட்டிக்கொண்டார்கள்.

நான் அரசாங்க வேலையில் இருந்தவன். மனு எந்த மேசையில் படுக்கும், எந்தக் கடிதத்துக்கு விழிக்கும் என்று தெரியும். நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் மட்டும் வழி வேண்டும் என்று எழுதினேன். நினைவூட்டல் அனுப்பினேன். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினேன். கடைசியில் ஓர் இளம்பெண், உதவிப் பொறியாளர், இடத்தைப் பார்க்க வந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் தெருவுக்கு நேர் எதிரே வீடு கட்டியிருக்கும் பெரியவர் ஆட்சேபம் சொல்ல வந்திருந்தார். அந்த நகர் முழுதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம்.

"தொறந்து வுட்டா திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆய்டும் சார்."

"சுவர் இருக்கும்போதே உங்க மோட்டாரைத் தூக்கிட்டுப் போனாங்களே?"

"அவன் வேற திருடன் சார். அப்பால, பசங்க பைக்ல பறப்பானுங்கோ. நாய்ங்க வேற வரும்."

"நாய்ங்க இப்பவே சுவருக்குக் கீழ பொந்து வழியா வருது. அதுங்களுக்கு மட்டும் அனுமதி இருக்கா?"

அவர் புதிதாக ஒன்று சொன்னார். நான் புதிதாக ஒரு சட்டப் பிரிவைச் சொன்னேன். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி முடிங்க சார். இல்லேன்னா ஆட்சேபத்தை எழுதி வாங்கிட்டு நான் கிளம்பறேன்." எழுதி வாங்கிய ஆட்சேபத்தின் ஆயுள் எனக்குத் தெரியும். என் மைத்துனியின் கால் அதுவரை காத்திருக்காது.

இதற்குள் தண்ணீர் குடிக்கப் பெரியவரின் வீட்டுக்குள் போன என் மனைவி வெளியே வந்து, என்னை ஓரமாக இழுத்தாள்.

"திருடனும் இல்ல, நாயும் இல்ல. சுவரை எடுத்தா நம்ம தெரு நேரா அவங்க வாசல்ல வந்து குத்தும். தெருக்குத்து. மருமக மாசமா இருக்கா. அவர் சம்சாரம்தான் சொன்னாங்க. இன்ஜினியர் பொண்ணு முன்னாடி அவர் எப்படிச் சொல்வாரு?"

சிரிக்கலாமா என்று பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலை வாஸ்துவுக்காக இரண்டடி தள்ளிவைத்தது யார் என்று அவள் கண் கேட்டது. சிரிக்கவில்லை.

பைக்குகளைத் தடுக்கப் பொறியாளர் ஏற்கெனவே ஒரு படம் போட்டு வைத்திருந்தார். சுவரை நடுவில் திறக்காமல் ஓரத்தில் திறப்பது. அதற்கு முன்னால் ஒரு குறுக்குச் சுவர். இரண்டுக்கும் நடுவே வளைந்து போவது. மனைவி அதை வாங்கிப் பெரியவரிடம் காட்டினாள்.

"அண்ணா, இங்க பாருங்க. எங்க தெருவுல நின்னு பார்த்தா சுவர்தான் தெரியும். உங்க வாசல் தெரியாது."

அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். தெரு நடுவில் போய் நின்று தன் வாசலைப் பார்த்தார். "நேர்ப் பார்வை வெட்டிடுதாம்மா?"

"வெட்டிடுது."

"அப்ப இன்னாத்துக்கு சார் இவ்ளோ நேரம் சட்டம் பேசிகினு இருந்தீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

வளைவின் அகலத்தையும் அவரே கூட்டச் சொன்னார். "ரெண்டு ஆள் பக்கத்துல பக்கத்துல நடக்கிற மாதிரி வுடு மேடம். இவங்க தங்கச்சியால தனியா வர முடியாது. புடிச்சிகினுதான் வரணும்." பைக்குக்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக முடியும், அந்தப் பொறுமை உள்ளவன் பறக்கமாட்டான் என்று பொறியாளரும் ஒப்புக்கொண்டார்.

ஆணை வர நாளானது. கொத்தனார் வர அதைவிட நாளானது. ஆனால் வழி வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், காய்கறி வாங்கப் போகிறவர்கள், காட்டாங்குளத்தூர் கல்லூரிக்கு ரயில் பிடிக்க சைக்கிளில் ஸ்டேஷன் போகிறவர்கள் என்று எங்கள் தெருவில் இப்போது ஆட்கள் தெரிகிறார்கள். பெரியவர் தன் மதிலில் ஒரு சின்னப் பிள்ளையாரையும் வைத்துவிட்டார். "இருக்கட்டும் சார், டபுள் சேஃப்டி" என்றார். பேத்தி பிறந்து நன்றாக இருக்கிறாள்.

போன வாரம் சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மைத்துனி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் என் மனைவி, ஒரு கை தங்கையின் தோளுக்குப் பின்னால், தொடாமல்.

"அத்தான்" என்றாள் மைத்துனி. மூச்சு வாங்கியது, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. "ஊருக்கெல்லாம் மனு போடறீங்க. வர்றவளுக்கு ஒரு காபி போட மாட்டீங்களா?"

போட்டேன். இருட்டுவதற்குள் திரும்பி நடந்தாள். வளைவுவரை நானும் கூடப் போனேன்.