எல்லோரும் முகம் கழுவிப்போன நாள்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டரின் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் அம்மா பால்பாயிண்ட் பேனாவால் கணினியின் விசைப்பலகையை வரைந்திருந்தாள். சோறு கொதிக்கும் நேரத்தில் வலது கை கரண்டியைப் பிடித்திருக்க, இடது கை விரல்கள் மட்டும் அந்தக் கட்டங்களின் மேல் ஓடும். தாளிக்கும்போது தெறித்த எண்ணெய் பட்டு சில எழுத்துகள் மங்கிவிட்டன. அதற்குள் அவை எங்கே இருக்கின்றன என்பது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அம்மா காரைக்காலில் ஒரு சிறிய நூலகத்தில் உதவியாளராக இருந்தாள். சுரக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறிப் போவாள். வருகிற புத்தகங்களுக்கு முத்திரை குத்துவது, திரும்பி வந்தவற்றை அடுக்கில் வைப்பது, செய்தித்தாள்களைக் கம்பியில் கோப்பது, இதுதான் வேலை. அப்பா வயலைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் நூலகத்துக்கு இணைய வசதியோடு இரண்டு கணினிகள் வந்து இறங்கின. ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த நூலகர் அவற்றைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, இனிமேல் இதெல்லாம் என் கண்ணுக்கு ஆகாது, நீ கத்துக்கம்மா என்று சொல்லிவிட்டார். புதுச்சேரியில் பயிற்சிக்கு அம்மாவை அனுப்பினார்கள். கல்யாணமான பிறகு அவள் தனியாக வெளியூரில் தங்கியது அதுதான் முதல் தடவை. அந்த நாட்களில் அப்பா வைத்த ரசத்தை நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

திரும்பி வந்தவள் சுலபமாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று சொல்ல முடியாது. மவுஸை அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்துவது அவளுக்கு நெடுநாள் பிடிபடவில்லை. ஒன்று அழுத்தி, யோசித்து, பிறகு அடுத்ததை அழுத்துவாள். தேங்காய் முற்றலா என்று தட்டிப் பார்க்கிற வேகம் வேண்டும் என்று அவளாகவே ஒருநாள் கண்டுபிடித்தாள். அதற்குப் பிறகு தவறவேயில்லை. கடவுச்சொல்லாக, செத்துப்போன எங்கள் பசுவின் பெயரை வைத்தாள். நூலகர் அதைக் கேட்டபோது சொல்லக் கூச்சப்பட்டு, நானே வந்து அடிச்சுத் தரேன் சார் என்றாளாம். பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போயிருந்த ஒரு மாலையில், தேடுகிற பெட்டியில் எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. நம்ம ஊரு இன்னும் அங்க போய்ச் சேரல போலிருக்கு என்று சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பையை எடுத்தாள்.

அந்த மே மாதத்தில் பிளஸ் டூ தேர்வு முடிவு இணையத்தில் வந்தது. நூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்ற செய்தி எப்படியோ பரவி, காலையிலேயே வாசலில் கூட்டம். அம்மா ஒவ்வொரு எண்ணாக அடித்து, திரையில் வந்ததை உரக்கப் படித்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். தேர்ச்சி என்று படிக்கப் படிக்கக் கூடமே சிரித்தது. திருவேட்டக்குடியிலிருந்து மீனவர் ஒருவர் கடலுக்குப் போய்க் கரைக்கு வந்த கையோடு மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருடைய கைலியின் ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்தப் பெண்ணின் எண்ணை அடித்த அம்மா, அதே குரலில், அதே வேகத்தில், இயற்பியலில் தவறியிருக்கிறது என்று படித்துவிட்டாள். அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் வெளியே ஓடினாள். அவள் அப்பா மட்டும் அங்கேயே நின்று, இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லுங்கம்மா என்றார். அம்மா மறுபடியும் அடித்தாள். அதேதான் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா என்னவென்று கேட்டதற்கு, மெஷினு சொல்றத நான் வாயில வாங்கி அப்படியே கொட்டிட்டேங்க, மனுஷி எதுக்கு அங்க உக்காந்திருக்கா என்றாள்.

அடுத்த வருடம் முடிவு வருவதற்கு முன்பே ஏற்பாடுகளைச் செய்துவிட்டாள். கணினி மேசையைத் திருப்பிப் போட்டு, திரை சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வர வேண்டும். கூட வந்தவர்கள் படிப்பறையில் காத்திருக்க வேண்டும். மறுகூட்டலுக்கு எப்படி விண்ணப்பிப்பது, துணைத்தேர்வு எப்போது என்பதையெல்லாம் அவளே இணையத்தில் தேடிப் படித்துவைத்தாள். முடிவைச் சொல்லும் விதத்தையும் மாற்றிக்கொண்டாள். தாழ்ந்த குரலில், திரையைக் காட்டிச் சொல்வாள். தேர்ச்சி பெற்றவரானாலும் தவறியவரானாலும் பக்கத்தில் அதே நேரம் உட்கார்த்தி வைத்திருப்பாள். பிறகு எல்லோரிடமும், வெயில்ல நின்னுருக்கீங்க, பின்னாடி குழாயில முகத்தக் கழுவிட்டு அப்படியே போங்க என்பாள். அதனால் அன்று அந்த நூலகத்தின் பின்வாசல் வழியாக வந்த அத்தனை பேர் முகமும் ஈரமாகத்தான் இருந்தது. யார் எதற்காகக் கழுவினார்கள் என்று வெளியே நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த வருடம் என் முறை. காலையில் அம்மாவோடு அதே பஸ்ஸில் போனேன். வழியில் அவள் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நூலகத்தில் இறங்கியதும், வரிசைல நில்லு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம். பெற்ற மகளை முதலில் கூப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று நினைத்தேன். குரும்பகரத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி எனக்கு முன்னால் நின்றாள். கணக்குத் தேர்வன்று கடைசிப் பக்கக் கணக்குகளைத் தொடாமலே வந்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

என் முறை வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, "உக்காருங்க" என்றாள் அம்மா.

என்னை அவள் அப்படிக் கூப்பிட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் திகைத்துப்போய் உட்கார்ந்தேன். என் எண்ணைக் கேட்கவில்லை. அவளுக்கு அது மனப்பாடம். பக்கம் திறக்க நேரமெடுத்தது. வெள்ளையாகவே கிடந்த திரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மதிப்பெண்கள் வந்தன. அவள் கண்தான் முதலில் கணக்கின் வரியில் போய் நின்றது என்பதை நான் பார்த்தேன்.

"கணக்குல மட்டும் போயிருக்குங்க. மத்த பாடமெல்லாம் நல்லாவே வந்திருக்கு. துணைத்தேர்வு இருக்கு, எழுதிடலாம்."

மேசைக்கடியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளின் கையையும் அப்படித்தான் பிடித்தாளா என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று சொல்ல முடியவில்லை. பிறகு, வெயிலில் நின்றதையும் குழாயையும் பற்றி எல்லோரிடமும் சொன்னதை என்னிடமும் சொன்னாள். நான் எழுந்தபோது அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

குழாயடியில் என் தோழி நின்றிருந்தாள். அவள் முகமெல்லாம் தண்ணீர். நானும் கழுவினேன். ஒனக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தாள் என்பதே எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

கூட்டம் கலைந்து, அம்மா வேலையை முடித்துக் கிளம்பும்வரை படிப்பறையின் மூலையில் ஏதோ ஒரு பத்திரிகையை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. திருநள்ளாறு தாண்டும்வரை அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்தது அப்போதுதான் வெளியே வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பயந்துபோய், ஏம்மா எங்கிட்ட போயி வாங்க போங்கன்னு பேசின என்று கேட்டேன். அந்த நேரத்தில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"அம்மாவா உக்காந்திருந்தா எனக்கு வாயே வந்திருக்காதுடி," என்றாள். "ஒனக்கு முன்னாடி நான் அழுதிருப்பேன். அப்பறம் நீ என்னயத்தான சமாதானம் பண்ணிக்கிட்டிருந்திருப்ப. ஒன் துக்கத்துக்கு எடமே இல்லாம போயிருக்கும்."

வீட்டில் அப்பாவிடம் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொண்டாள். துணைத்தேர்வில் தேறினேன். பிறகு படித்து, வேலை கிடைத்து, இப்போது புதுச்சேரியில் இருக்கிறேன். அம்மா ஓய்வு பெற்றுவிட்டாள். தேர்வு முடிவுக்காக யாரும் நூலகத்துக்குப் போவதில்லை. அவரவர் கைபேசிக்கே வந்துவிடுகிறது. திரை திறக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

சென்ற மே மாதம் ஒரு காலைப்பொழுதில் அம்மா என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இன்றைக்கு முடிவு வருகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். நன்றாகப் படிக்கிற பெண்ணா, எவ்வளவு எடுப்பாள் என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ள பக்கத்துல யாரு இருக்கா?" என்றாள்.

அந்தப் பெண்ணின் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். எதிரே கதவு சாத்தியிருந்தது. அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி அம்மாவின் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போய் மணியை அழுத்தினேன். சற்று நேரம் கழித்து அந்தப் பெண் கதவைத் திறந்தாள். கையில் போன் இருந்தது. வந்திருச்சு ஆன்ட்டி, இன்னும் திறந்து பாக்கல என்றாள். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.