என் அண்ணனும் எண்ணெய் ஒழுகிய காரும்

எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் கெட்டுப்போனால் அதை முதலில் பார்ப்பவர் என் அண்ணன். பார்ப்பது என்றால் குனிந்து பார்ப்பது அல்ல. இடுப்பில் கை வைத்து, இரண்டடி தள்ளி நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். பிறகு தீர்ப்பு வரும். தண்ணீர்க் குழாய், குளிர்சாதனப் பெட்டி, எனக்கு வந்த இரண்டு வரன்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் தீர்ப்பு வந்தது. குளிர்சாதனப் பெட்டியை மட்டும் அவருக்குத் தெரியாமல் ஒருவரிடம் காட்டினேன். அது இன்னும் ஓடுகிறது.

நான் கிள்ளானில் தனியாக இருக்கிறேன். அண்ணன் வீடு அடுத்த வரிசையில். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு என் படிப்பு முடிந்தது. சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் வேலை. காலை ஐந்தரைக்கு அடுப்பு எரிய வேண்டும், அதனால் கார் இல்லாமல் முடியாது. என் கார் இருபது வயதைத் தாண்டியது. கதவு ஒன்று வேறு நிறம். ஆனால் அதில் நான் ஒருத்திதான் இருப்பேன். ஆட்களோடு பேச வேண்டும் என்றாலே எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு யாரும் எதுவும் கேட்காத ஓர் இடம் அந்த டிரைவர் சீட்தான்.

ஆயுத பூஜையன்று அண்ணன் இரண்டு செப்புத் தாயத்துகளோடு வந்தார். யாரோ ஒரு சாமியார் மந்திரித்துக் கொடுத்ததாம். ஒன்று அவருடைய புதுக் காருக்கு, இன்னொன்று எனக்கு. எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனம் வைத்து, சூடம் காட்டி முடித்ததும் போனெட்டைத் திறந்தார்.

"நூல்ல கட்டுனா சூட்டுல அறுந்து போயிடும். நான் கேபிள் டை கொண்டாந்திருக்கேன் பாரு" என்று பெருமையாகச் சொன்னார். இஞ்சினின் மேல்மூடியிலிருந்து போகும் தடித்த ரப்பர் குழாய் ஒன்றில் தாயத்தை வைத்து, அந்தப் பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, குறடால் பிடித்து இழுத்தார். டக் டக் டக் என்று இறுகியது. தன் காரிலும் இப்படித்தான் கட்டிவிட்டு வந்திருந்தார். நான் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். அது என்ன குழாய் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வாரமே வீட்டு வாசலில் முதல் கறுப்புப் பொட்டு விழுந்தது. அடுத்த வாரம் அது தோசையானது. கேண்டீனுக்கு வரும் பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் காருக்கு அடியில் போட்டு வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் அட்டை ஊறிப்போயிருக்கும். அண்ணன் வந்தார். இடுப்பில் கை வைத்தார்.

"பழைய காரு லா. வயசானா ஒழுகத்தான் செய்யும். உனக்கு மூட்டுவலி வரல?"

"இல்லண்ணே, பூஜைக்கு அப்புறம்தான்..."

"பூஜைய குத்தம் சொல்றியா?"

"ஐயோ, இல்லண்ணே" என்று அட்டையை எடுக்கக் குனிந்தேன். ஐம்பது வருடப் பழக்கம்.

கிள்ளானில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அண்ணனின் நண்பர் பிரிக்பீல்ட்ஸில் பட்டறை வைத்திருந்தார். அதனால் ஒழுகும் காரை அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனோம். ஓட்டியது நான், வழி சொன்னது அண்ணன், அதுவும் எனக்குத் தெரிந்த வழியை.

பட்டறை முதலாளி என்னிடம் "சிஸ்டர், உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அதற்கு மேல் என்னிடம் அவருக்கு வேலை இல்லை. எப்போது ஒழுகுகிறது, எவ்வளவு ஒழுகுகிறது, ஓடும்போதா நிற்கும்போதா எல்லாவற்றையும் அண்ணனிடம் கேட்டார். அண்ணனும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், தினமும் அந்தக் காரோடு அவரே குடும்பம் நடத்துவது போல. ஹைவேயில் வேகமாகப் போன நாட்களில்தான் அட்டை அதிகம் நனைகிறது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல இரண்டு முறை எழுந்தேன். இரண்டு முறையும், "டீ வேணுமா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன். டீ நன்றாக இருந்தது.

முதலாளி போனெட்டைத் திறந்ததும் கண்ணில் பட்டது தாயத்துதான். செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"யாரு பாஸ் கட்டுனது?"

"நான்தான்" என்றார் அண்ணன்.

"பவர் இருக்கு பாஸ். சாமி சமாச்சாரம், நான் இதுல கை வைக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். இஞ்சின் மூடியைக் கழற்றியபோது அந்தக் குழாயை மட்டும் தாயத்தோடு ஒரு குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி ஓரமாக வைத்தார். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் பட்டையை மாற்றினார். குழாயைப் பழையபடி மாட்டி, இன்னொரு முறை கும்பிட்டார்.

இரண்டே நாளில் அட்டை மறுபடியும் நனைந்தது. அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிதான் ஒழுகுகிறது என்றார் முதலாளி. அதற்கும் புதுப் பட்டை போட்டார். நனைந்தது. அப்படியென்றால் இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் சீல், கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார். மருத்துவமனையில் பெரிய டாக்டர்கள் பேசுவது போல அண்ணனைத் தனியாக அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "இஞ்சின் முடிஞ்சிருச்சு பாஸ். கியர்பாக்ஸ எறக்குறது வேஸ்ட் லா. சிஸ்டர்கிட்ட மெதுவா சொல்லுங்க." சிஸ்டர் நாலடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஒரு விடியற்காலை, ஷா ஆலம் தாண்டும்போது, டேஷ்போர்டில் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தினேன். எண்ணெய் சூடான புகைபோக்கியில் சொட்டி, போனெட் இடுக்கு வழியாகப் புகை வந்தது. பின்னால் வைத்திருந்த பாட்டில் எண்ணெயை முழுக்க ஊற்றிவிட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, இரவு ஷிப்ட் முடிந்த ஆட்கள் வெறும் தட்டோடு வரிசையில் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

அண்ணன் கேள்விப்பட்டதும் சொன்னார்: "போதும் லா. ஞாயித்துக்கெழம பெசி பூரோக் லோரி வரச் சொல்லிட்டேன். பழைய இரும்புக்குத் தூக்கிட்டுப் போயிடட்டும். நான் பங்சாருக்குத்தான வேலைக்குப் போறேன்? உன்ன வழியில எறக்கி விடுறேன். இனிமே உனக்கு ஒரு கவலையும் இல்ல."

என் கவலையே அதுதான். மீதி இருக்கும் என் வேலைக் காலம் முழுக்க, தினமும், அண்ணன் காரின் இடது பக்கச் சீட்டில். அவர் தீர்ப்புகள் சொல்ல, நான் "ஆமாண்ணே" சொல்ல. விடுமுறை எடுக்க அவரிடம் சொல்ல வேண்டும். வேலை முடிந்து அரை மணி நேரம் பாசார் கடைகளில் சும்மா சுற்றவும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் நல்லது செய்கிறார். நல்லது செய்கிறவர்களை எதிர்க்க எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நான் கேண்டீன் பின்வாசலில் காருக்கு அடியில் அட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அங்கே சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒருவர் கை கழுவ வந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், முஸ்லிம், நாற்பது வயதிருக்கும். தினமும் என் கையால் சாப்பிடுகிறவர். ஒரு நாளும் பேசியதில்லை. அவருக்கும் என்னைப் போலத்தான் சுபாவம் என்று நினைக்கிறேன்.

"எத்தன நாளாக்கா ஒழுகுது?" என்றார்.

என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், அண்ணன் நிற்கிறாரோ என்று.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹைவே, அட்டை, பூஜைக்குப் பிறகு, மாற்றிய இரண்டு பட்டைகள். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்து மண்ணெண்ணெய்த் துணியால் இஞ்சினைத் துடைத்துக் காயவிட்டார்.

"பவுடர் இருக்காக்கா? மொகத்துக்குப் போடுற பவுடர்."

என் கைப்பையிலிருந்த டப்பாவைக் கொடுத்தேன். இஞ்சின் முழுக்கத் தூவினார். கல்யாணப் பெண் போல ஆகிவிட்டது. ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பவுடர் மேல் கறுப்புக் கோடுகள் இறங்கின. மூடியில் ஒன்று, தொட்டியில் ஒன்று, பின்னால் ஒன்று.

"புதுப் பட்டையும் ஒழுகுது, பழசும் ஒழுகுது. ஒரே நேரத்துல மூணு எடத்துல அழுவுதுன்னா, உள்ள யாரோ கழுத்த நெரிக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றார். "பாத்திரம் கழுவுற கையுறை ஒண்ணு தாங்கக்கா."

எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து அதில் மஞ்சள் கையுறையை மாட்டினார். இஞ்சின் ஓட ஓட அது மெல்ல உப்பி, ஐந்து விரலும் விரித்து எழுந்து நின்றது. அண்ணன் தீர்ப்புச் சொல்லும்போது தூக்கும் கை மாதிரியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உள்ள காத்து அடைச்சுக்கிட்டு இருக்கு. வெளிய போக ஒரு கொழா இருக்கும். அதுதான் இஞ்சினுக்கு மூக்கு. அது அடைச்சா எண்ணெயத்தான் வெளிய தள்ளும்."

குழாயைத் தடவிக்கொண்டே போன அவர் விரல் தாயத்தில் வந்து நின்றது. எண்ணெயில் ஊறி மென்மையாகிப்போன பழைய ரப்பர், கேபிள் டைக்கு அடியில் எறும்பின் இடுப்பு போல ஒட்டிக் கிடந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, இது உங்க சாமி விஷயம். நான் வெட்டுனா சரியா இருக்காது. தாயத்த ஒண்ணும் பண்ண வேணாம், அந்தப் பிளாஸ்டிக் பட்டைய மட்டும் நீங்களே வெட்டுங்க."

கேண்டீனில் கோழி வெட்டும் கத்திரியைக் கொண்டுவந்தேன். ஒரு நிமிடம் நின்றேன். சாமிக்குப் பயந்தா, அண்ணனுக்குப் பயந்தா என்று எனக்கே தெரியவில்லை. சாமி கேபிள் டை கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. வெட்டினேன். அவர் நசுங்கிய இடத்தைப் பிசைந்து குழாயை மறுபடி வட்டமாக்கினார். மஞ்சள் கை தளர்ந்து, விரல்கள் மடங்கி, பொத்தென்று படுத்தது.

மறுநாள் ஒரு புதுக் குழாய்த் துண்டு வாங்கி மாட்டிக்கொடுத்தார். ஞாயிறு காலையில் அட்டையை எடுத்துப் பார்த்தேன். பின்னால் இருக்கும் சீல் மட்டும் ஒரே ஒரு சொட்டு விட்டிருந்தது. இருபது வயதுக்கு அது நியாயம்தான்.

லோரியும் அண்ணனும் ஒன்றாக வந்தார்கள். நான் அட்டையைக் காட்டினேன். அண்ணன் அதை நெடுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா? நான் கட்டுன தாயத்து. கொஞ்சம் டைம் எடுத்துச்சு, அவ்வளவுதான்."

கைப்பையிலிருந்து தாயத்தையும் வெட்டிய பட்டையையும் எடுத்து நீட்டினேன். குழாய், மூக்கு, கையுறை எல்லாம் சொன்னேன். என் வாழ்க்கையில் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. லோரிக்காரர்கூட இறங்கி வந்து கேட்டார்.

"பெர்மிட்ல வந்தவன் சொன்னானாம், இவ சாமி கட்ட வெட்டிட்டாளாம்" என்று அண்ணன் லோரிக்காரரைப் பார்த்துச் சொன்னார். "குடு இங்க, மறுபடியும் கட்டுறேன்." தாயத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் கேபிள் டை தயாராக இருந்தது.

நான் போனெட் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். "வேணாம்ணே. கார் லோரிக்கும் போகாது."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கையை எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார். லோரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

அப்போதுதான் அண்ணனுடைய காருக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு இருப்பதைப் பார்த்தேன். புதுக் காரின் புது ரப்பர் நசுங்க நாளாகும், அதனால் தாமதம். "அண்ணே, உங்க காரும் ஒழுகுது. அந்த டைய வெட்டிடுங்க" என்றேன்.

"அது ஏர்கான் தண்ணி. ஒனக்கு என்ன தெரியும்?"

இப்போது அவர் கார் பிரிக்பீல்ட்ஸ் பட்டறையில் இருக்கிறது. மூடியின் பட்டையை மாற்றியாகிவிட்டது, தொட்டியைக் கழற்றியிருக்கிறார்கள். தாயத்தை யாரும் தொடவில்லை. நான் இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். டீ வேணுமா என்று கேட்டார்கள்.

அதனால் அண்ணன் காலை நாலு மணிக்கு எழுந்து என் காரின் இடது பக்கச் சீட்டில் வருகிறார். சுங்கை வேயில் இறங்கி ரயில் பிடித்து பங்சாருக்குப் போகிறார். எந்தப் பாதையில் போக வேண்டும் என்று சொல்கிறார். நான் எனக்குத் தெரிந்த பாதையில் போகிறேன். போன திங்கட்கிழமை சட்டைப் பையிலிருந்து என் காரில் கட்டியிருந்த தாயத்தை எடுத்து, டேஷ்போர்டில் ஒட்டட்டுமா என்று கேட்டார். என்னிடம் கேட்டார்.

ஒட்டுங்கள் என்றேன். டேஷ்போர்டுக்கு மூக்கு இல்லை.