கோணியில் விழுந்த மாங்காய்

நாலாம் பாரம் படித்தபோது வாத்தியார் கொடுத்த வீட்டுக்கணக்கு ஒன்று என்னைப் பாடாய்ப் படுத்தியது. அரை இராத்தல் பந்து வினாடிக்கு முப்பத்திரண்டு அடி வேகத்தில் வருகிறது. ஒருவன் கையை விறைப்பாக வைத்துப் பிடிக்கிறான். இன்னொருவன் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடிக்கிறான். யாருக்கு அதிகம் வலிக்கும்? எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் பதினாறு. பந்து நின்றால் சுழி. இரண்டு பேருக்கும் அதே பதினாறுதான் என்றால் வலி மட்டும் எப்படி மாறும்? மூன்று முறை போட்டும் விடை மாறவில்லை, என் தலைதான் சுற்றியது. இருவருக்கும் சமம் என்று எழுதி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோப்பில் நீலம் மாங்காய் பறிப்பு. அம்மாவின் தம்பியான மாமா அதைத் தன் பொறுப்பில் எடுத்திருந்தார். ஜவளகிரியில் அவர் போட்ட ராகியை இரண்டு வருடமாக யானைகள்தான் தின்றன. பறிப்பு நல்லபடியாக முடிந்தால் தோப்பை அவரிடமே விடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அப்பா யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல.

மாமா கிளையில் நின்று காம்போடு கிள்ளிப் போடுவார். கீழே இரண்டு பேர் கோணியை விரித்து ஏந்த வேண்டும். வழக்கமாக ஏந்தும் பெண்கள் கெலமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டதால் நானும் தம்பியும் நின்றோம்.

"தொய்வா புடி கண்ணு. காய் வுழறப்ப கோணியும் கூடவே எறங்கணும்" என்றார் மாமா, இலைகளுக்குள்ளிருந்து.

தொய்வாகப் பிடித்தாலும் பதினாறு, இறுக்கிப் பிடித்தாலும் பதினாறு. பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காத மாமாவுக்கு என்ன தெரியும்? தம்பியைப் பின்னால் சாயச் சொல்லி, கோணியைக் கயிற்றுக் கட்டில் மாதிரி விறைப்பாக இழுத்துப் பிடித்தேன். ஒரு காயில்கூடக் கீறல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வண்டி கிருஷ்ணகிரிக்குப் போன பிறகு மாமாவுக்குக் கணக்கை விளக்கி, கோணி பிடித்த விதத்தையும் சொன்னேன். அவர் வண்டி போன திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் மண்டியிலிருந்து ஆள் வந்தது. வைக்கோலில் வைத்த பழமெல்லாம் ஒரு பக்கம் கன்றி உள்ளே கறுத்துவிட்டதாம். யார் கோணி பிடித்தது என்று அப்பா அதட்டினார்.

"புள்ளைங்க சரியாத்தான் புடிச்சாங்க மச்சான். நாந்தான் அவசரத்துல வீசிட்டேன்" என்றார் மாமா.

அவர் ஒரு காயைக்கூட வீசவில்லை. எதற்கு இப்படிப் புளுகுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை அவர் ஜவளகிரிக்கே திரும்ப பஸ்ஸுக்குக் கிளம்பினார். வழியனுப்பப் போன என்னிடம், அந்தக் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். வாத்தியார் தப்புப் போட்டுவிட்டதைச் சொன்னேன். 'மெதுவாக நின்றால் அடி குறையாதா? நேரம் எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். கணக்கில் நேரமே கொடுக்கவில்லையே, நான் எங்கே போவேன் என்று மாமாவிடம் அங்கலாய்த்தேன்.

"ஒரு நாளைக்கிப் புரியும். அன்னிக்கி மனசு கஷ்டப்படக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றார்.

ஒரு மதிப்பெண்ணுக்காக யாராவது அவ்வளவு கஷ்டப்படுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தலையை ஆட்டிவிட்டு, ஜன்னலோரமாக இடம் இருக்கிறதா என்று பார்க்க பஸ்ஸுக்குள் ஓடினேன்.