பச்சை பெயின்ட்டுக்கு மேலே ஒரு சாண்

1. ஃபிரிட்ஜ் காலுக்கு முட்டுக்கொடுத்த புத்தகம்

சோலார் வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு: "ஊ மொய்தீன், நீங்க செஞ்சதுலேயே நல்ல வேலை எது?" (பர்மாவில் பெரியவர்கள் பேருக்கு முன்னால் மரியாதைக்கு ஆண் என்றால் ஊ, பெண் என்றால் டோ போடுவார்கள்.) த்வாண்டே கிளினிக் என்பேன். "சொதப்பின வேலை?" அதுவும் த்வாண்டே கிளினிக்தான். ரெண்டும் ஒரே வேலை என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

ரங்கூனில் முப்பது வருசத்துக்கு மேல் வயர் இழுத்தவன் நான். அங்கே பபேடான் பேட்டையில் பிறந்தேன், பபேடானில்தான் இருக்கிறேன். ஊரில் மீ போவதும் வருவதுமாக இருந்ததால் (கரண்டுக்கு இங்கே மீ என்பார்கள்) என் பிழைப்பு ஓடியது. கடைசியில் சோலாருக்கு மாறினேன். மாறிய கையோடு தலைக்கனமும் ஏறிக்கொண்டது.

எங்கள் பேட்டை டிரஸ்ட் ஆற்றுக்கு அக்கரையில், த்வாண்டே கால்வாய் ஓரத்தில் ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறது. ஒரு பிரசவ அறை, ஒரு தடுப்பூசி ஃபிரிட்ஜ், புகை கக்குகிற ஒரு டீசல் ஜெனரேட்டர். ஜெனரேட்டரை ஓரங்கட்டி சோலார் போட வேண்டும், வெயில் வெள்ளம் எதையும் கிளினிக் தாங்க வேண்டும் என்று பேச்சு வந்தது. செக்ரட்டரி ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு ஒரு தடிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

"ஆப்பிரிக்காவுல இருக்கிற கிளினிக்குகளுக்காகப் போட்டதாம். வெள்ளம், சூடு, கரண்டு எல்லாத்துக்கும் என்ன செய்யணும்னு வெவரமா இருக்கு. படிச்சிட்டு ஆரம்பிங்க, மொய்தீன்."

"ஹாஜியார், அங்க பாலைவனம், இங்க கால்வாய். அவங்க நமக்கு என்னத்தச் சொல்லித் தரப் போறாங்க?"

ஆப்பிரிக்கா முழுக்க மணல்தான் என்று நினைத்திருந்தேன். என் பூகோளம் அவ்வளவுதான். ஹாஜியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் படம் போட்ட பக்கங்களை மட்டும் புரட்டினேன். பிறகு அந்தப் புத்தகம் நல்ல வேலைக்குத்தான் உதவியது. கிளினிக் ஃபிரிட்ஜின் ஒரு கால் கொஞ்சம் குட்டை. ரசமட்டம் வைத்துப் பார்த்து, புத்தகத்தை அதற்கு அடியில் கொடுத்தேன். அச்சுப் பிசகாமல் மட்டம் சேர்ந்தது. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

2. நல்லாருக்கு ஸயா

முதல் நாள் நான் போனது கோடையில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால். கால்வாயில் தண்ணீர் எங்கோ கீழே கிடந்தது. கரையில் சேறு வெடித்திருந்தது. கிளினிக் பொறுப்பு நர்ஸ் டோ கின் மே. ஐம்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசாதவர். கூட்டித் துடைக்கிறவர் ஊ பா சிட். ரெண்டு பேரும் என்னை ஸயா என்றார்கள். இந்த ஊரில் டாக்டர், வாத்தியார், மெக்கானிக் எல்லாருக்கும் மரியாதைக்கு அதுதான். நான் டாக்டர் மாதிரியே நடந்துகொண்டேன்.

பேட்டரி அறைச் சுவரில் கீழே பச்சை பெயின்ட், மேலே வெள்ளை. பச்சை தரையிலிருந்து மூன்றடி இருக்கும்.

"அட, நல்ல டிசைனா இருக்கே. பள்ளிக்கூடம் மாதிரி" என்றேன்.

ஊ பா சிட் சிரித்தார். டோ கின் மேயும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மூன்று பேரில் காரணம் தெரியாமல் சிரித்தது நான் ஒருத்தன்தான்.

தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஆங்கிள் ஸ்டாண்டு அடித்தேன். நாலு பேட்டரி, பக்கத்திலேயே இன்வெர்ட்டர். திருடு போகக்கூடாதென்று இரும்புக் கூண்டு போட்டு, பன்னிரண்டு போல்ட்டு முறுக்கி, பெரிய பூட்டு ஒன்று தொங்கவிட்டேன். ஸ்டாண்டுக்குப் பச்சை பெயின்ட் வேறு அடித்தேன், சுவருக்கு மேட்ச்சாக இருக்கட்டுமென்று.

"இந்த உயரம் போதும்ல?" என்று டோ கின் மேயிடம் கேட்டேன். கேட்கும்போதே ட்ரில் பிட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சுவரைப் பார்த்தார். ஊ பா சிட்டைப் பார்த்தார். "நல்லாருக்கு ஸயா. டீ குடிங்க" என்றார்.

பர்மாக்காரர்களிடம் ஆனாடே என்று ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடக்கூடாது என்று மனசு தயங்குவது. அதிலும் உதவி செய்ய வந்த விருந்தாளியிடம் 'தப்பு' என்று எப்படிச் சொல்வது? இது எனக்குத் தெரியாதா? நானே கல்யாண வீட்டில் பசியோடு உட்கார்ந்துகொண்டு "சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்கிற ஆள்தானே. ஆனாலும் டீயைக் குடித்துவிட்டு, சாவியை ஜேப்பில் போட்டுக்கொண்டு, டலா துறையில் ஆற்றைக் கடக்கிற படகைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

3. சாவி பபேடானில்

மழைக்காலத்துக்கு நடுவில் ஒரு பௌர்ணமி. மூன்று நாளாக விடாத மழை. காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது போன் வந்தது.

"ஸயா, டோ கின் மே பேசறேன். சாப்பிட்டீங்களா? வேலையா இருக்கீங்களா?"

"சொல்லுங்க."

"தொந்தரவு கொடுக்கறேன்னு நினைக்காதீங்க. கால்வாய்த் தண்ணி உள்ள வந்திருச்சு. கணுக்காலுக்கு இருக்கு. பௌர்ணமி ஏத்தம், தண்ணி இன்னும் மூணு மணி நேரம் ஏறுமாம்."

பராட்டாவைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தேன். முந்தின நாள்தான் தடுப்பூசி மருந்து வந்து இறங்கியிருந்தது. மறுநாள் தடுப்பூசி நாள். கால்வாய் ஓரத்து ஊர்களிலிருந்து தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஜெனரேட்டரையும் விற்றாச்சு. பேட்டரி நனைந்தால் ஃபிரிட்ஜ் போச்சு, ஃபிரிட்ஜ் போனால் மருந்து போச்சு. மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லவேண்டியது டோ கின் மே, நான் இல்லை.

"மருந்தை ஐஸ் பேக் பெட்டிக்கு மாத்திட்டேன். நாளைக்குக் காலை வரைக்கும்தான் தாங்கும்" என்றார்.

கூண்டுக்கு வெளியே இருந்த பேனல் சுவிட்சை முதலில், பேட்டரி சுவிட்சை அடுத்து ஆஃப் பண்ணச் சொன்னேன். பண்ணினார். "இப்ப பேட்டரியைக் கழட்டி மேல தூக்குங்க" என்றேன்.

"ஸயா, பூட்டியிருக்கு."

சாவி என் அலமாரியில், கைலிகளுக்கு அடியில் இருந்தது. திருடனிடமிருந்து பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்து, காப்பாற்ற வருகிறவர்களிடமிருந்து பூட்டி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி ஆயிஷா சாவியை எடுத்து நீட்டினாள். "பூட்டுப் போடறப்ப அங்க மனுசங்க இருக்காங்கன்னு ஞாபகம் வரலையா உங்களுக்கு?" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினேன்.

படகில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். டலாவில் இறங்கி மோட்டார் சைக்கிள் பிடித்தேன். கிளினிக் வாசலில் இறங்கியபோது தண்ணீர் முட்டியைத் தொட்டது.

உள்ளே பார்த்தால் ஃபிரிட்ஜ் ஏற்கெனவே உயரத்தில் நிற்கிறது. த்வாண்டேயில் சுடுகிற, இடுப்புக்கு வருகிற பெரிய தண்ணீர்ப் பானைகள் நாலை நிறுத்தி, அவை மிதந்துவிடாமல் தண்ணீர் நிரப்பி, மேலே ரெண்டு பழைய கதவுகளைப் போட்டு, அதன்மேல் ஃபிரிட்ஜ். பக்கத்தில் இன்னும் நாலு பானையும் கதவும் காலியாகக் காத்திருந்தன. என் பேட்டரிக்கு.

பூட்டைத் திறந்தேன். பன்னிரண்டு போல்ட்டையும் நானே கழற்றினேன். ஒவ்வொன்றையும் முறுக்கும்போது எத்தனை பெருமைப்பட்டேன் என்று ஞாபகம் வந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். கடைசிப் பேட்டரியைத் தூக்கி வைக்கிறோம், தண்ணீர் காலி ஸ்டாண்டின் மேல் ஏறியது. இன்வெர்ட்டரை, ஆயிஷா பிள்ளையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்து நின்றேன்.

நடுப்பகலில் தண்ணீர் நின்றது. எங்கே நின்றது என்று பார்த்தேன். பச்சையும் வெள்ளையும் சேருகிற கோட்டுக்கு நாலு விரல் கீழே.

"வெள்ளக் கறை தெரியக்கூடாதுன்னு தண்ணி ஏறுற வரைக்கும் பச்சை அடிக்கறது, ஸயா" என்றார் ஊ பா சிட், ரொம்ப மெதுவாக.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

டோ கின் மே தலை குனிந்துகொண்டார். "படகேறி வந்து ஆசையா மாட்டிக்கிட்டு இருந்தீங்க. கேட்டுட்டுப் பெட்டியையும் மூடிட்டீங்க. எப்படிச் சொல்றது?"

அவமானமாக இருந்தது. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது, யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்து தரை தெரிந்தபின், பேட்டரிகளைப் பானை மேலேயே வைத்து வயரை மறுபடி கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் ஃபிரிட்ஜ் ஓடியது. மறுநாள் பிள்ளைகள் வந்தன, ஊசி போட்டுக்கொண்டு கத்தின. அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டுத்தான் படகேறினேன்.

4. துடைக்கிறவரைக் கேள்

ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் அந்தப் புத்தகம் ஊறிக் கிடந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் காயப்போட்டேன். வேறு வழியில்லாமல் இந்தத் தடவை படித்தேன். முன்பக்கத்திலேயே இருந்தது: எதையும் மாட்டுவதற்கு முன்னால், கட்டடத்தைத் துடைக்கிறவரோடு நடந்து பார், போன வெள்ளம் எங்கே நின்றது என்று கேள்.

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் எனக்கு முன்னாலேயே ஒரு மொய்தீன் பேட்டரியை நனைத்திருக்கிறான். இல்லாவிட்டால் இந்த வரி எப்படி வந்திருக்கும்? முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இப்போது நான் எங்கே போனாலும் "இது போதும்ல?" என்று கேட்பதில்லை. "மழையில உங்க வீட்டு அரிசி மூட்டையை எங்க வைப்பீங்க?" என்று கேட்பேன். அதற்கு யாரும் மரியாதைக்காகப் பதில் சொல்வதில்லை. பூட்டுப் போட்டால் சாவி அங்கேயே ஆணியில் தொங்கும்.

அடுத்த கோடையில் த்வாண்டே போய், பச்சைக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே புது ஸ்டாண்டுக்குப் பென்சிலால் குறித்தேன். ட்ரில்லைத் தரையில் வைத்துவிட்டு, ஊ பா சிட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்தோம். ரெண்டாவது டீயும் வந்தது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் எழுந்தார். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, என் கோட்டை அடித்துவிட்டு, இன்னும் ஒரு சாண் மேலே புதுசாக ஒரு கோடு போட்டார்.

"நான் வந்த புதுசுல பச்சை என் முட்டிக்குத்தான் இருந்துச்சு, ஸயா" என்றார். "இதுவரைக்கும் ரெண்டு தடவை ஏத்தி அடிச்சாச்சு."

அவர் போட்ட கோட்டிலேயே துளை போட்டேன்.