பௌர்ணமி வேண்டாம் என்றவர்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் புது வீட்டின் தேக்குக் கதவுக்கு பி.யூ. கிளியர் என்னும் பளபளப்புப் பூச்சு அடிக்க வந்தவர் அவர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. ஸ்பிரே துப்பாக்கியை எடுக்கும் முன் தரையெங்கும் தண்ணீர் தெளிப்பார். கிளியரையும் ஹார்டனரையும் கண்ணுக்கு நேராகக் குவளையைப் பிடித்து அளந்து கலப்பார்.

"நாளைக்குப் பௌர்ணமி சார். கடைசி கோட் ரெண்டு நாள் கழிச்சு அடிக்கிறேன்" என்றார்.

கிரகப்பிரவேசம் நெருங்கியிருந்தது. "பௌர்ணமி எங்களுக்குத்தான். உங்களுக்கு என்ன பாய்?" என்றேன். மதில் பூசிக்கொண்டிருந்த கொத்தனார்கள் சிரித்தார்கள். அவர் குவளையைக் கழுவி வைத்தார். மறுநாள் அடித்தார்.

கோட் காய்வதற்குள் கிரிவலக் கூட்டம் கிளப்பிய புழுதி அதில் படிந்துவிட்டது. காலையில் தடவிப் பார்த்தேன், கதவு முழுக்கச் சொரசொரப்பு.

அவர் வந்து, தண்ணீர் விட்டு, உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார்.

"புழுதி விழும்னு சொல்லியிருக்கலாமே பாய்?"

"நீங்க ஏன்னு கேக்கலியே சார். உங்களுக்கு என்னன்னுதானே கேட்டீங்க" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கொத்தனார்கள் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, அதன்பிறகுதான் கேட்டேன்.